உதவித் தேர்வாளரின் கையில் உள்ள மதிப்பெண்

ஒரு மாணவர் எழுதிய விடையை முதலில் படித்து அதற்கு எண்ணொன்றை இடுபவர், பல கல்வி அமைப்புகளில், அம்மாணவருக்குப் பாடம் நடத்திய ஆசிரியரும் அல்லர், வினாத்தாளை வகுத்தவரும் அல்லர். தமிழ்நாட்டின் மேல்நிலைப் பொதுத்தேர்வில் அவர் உதவித் தேர்வாளர் எனப்படுகிறார். மாணவரின் பதிவெண் மறைக்கப்பட்டு, அதற்கு மாற்றாக டம்மி எண் இடப்பட்ட விடைத்தாள்கள் கட்டுக்கட்டாகத் திருத்தும் மையத்துக்கு வந்துசேர, முதன்மைத் தேர்வாளர் ஒருவரின் மேற்பார்வையில் உதவித் தேர்வாளர்கள் குழுவாக அமர்ந்து திருத்துகின்றனர். கூட்டல் சரியா, திருத்தாமல் விடப்பட்ட பக்கம் உண்டா என்பதைக் கூர்ந்தாய்வு அலுவலர் பார்க்கிறார். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் போன்ற நிறுவனங்களிலோ அதே வேலையை ஆய்வு மாணவர்களும் முதுநிலை மாணவர்களும் செய்கின்றனர். மாதந்தோறும் பெறும் உதவித்தொகைக்கு ஈடாக வாரத்தில் எட்டு மணி நேரம் போல ஆசிரியருக்குத் துணைநிற்க வேண்டும் என்பது ஏற்பாடு, அந்த மணிகளில் கணிசமான பகுதியை விடைத்தாளே எடுத்துக்கொள்கிறது. ஊதியத்திலும் வயதிலும் இவ்விரு வகையினரும் வேறுபட்டாலும் ஒரு நிலைமை இருவருக்கும் பொது: விடையை மிக நெருக்கமாகப் படிப்பவர் இவர்களே, அவ்விடைக்கு எது தகும் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் மிகக் குறைவாக உள்ளவரும் இவர்களே. நியாயமான திருத்தம் பற்றிய இவ்வுரையின் கருத்து முழுவதும் இந்த முரண்பாட்டிலிருந்தே கிளைக்கிறது.

நெய்வேலியில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 1935ஆம் ஆண்டு ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் வெளிப்பட்ட கரும்பொருளிலிருந்து தொடங்கி, 1956ஆம் ஆண்டு நிறுவனமாக உருப்பெற்ற நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி வளர்ந்த இந்நகரியம், அளவீட்டோடு அன்றாடம் பழகிய ஊர். பழுப்பு நிலக்கரியின் வெப்ப மதிப்பைக் காண, ஏறத்தாழ ஒரு கிராம் மாதிரியை எஃகுக் கலத்தில் உயிர்வளியூட்டி எரித்து, கலத்தைச் சூழ்ந்த நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பர். அந்த நிலக்கரியின் எடையில் பாதியளவு ஈரம் இருப்பதால், எந்த ஈரநிலையில் அளந்தது என்று குறிப்பிடாத எண்ணை இங்குள்ள ஆய்வுக்கூடப் பணியாளர் எவரும் ஏற்கமாட்டார். மேலும், ஒரே மாதிரியை இருமுறை அளந்து, இரு முடிவுகளுக்கும் இடையே அனுமதிக்கத்தக்க வேறுபாடு இவ்வளவு என்று முன்கூட்டியே வரையறுத்து, அது மீறப்பட்டால் மறுபடி அளப்பது நெறி. கருவி பழுது என்றோ பணியாளர் நேர்மையற்றவர் என்றோ ஐயுற்று அவ்வாறு செய்வதில்லை. எந்த அளவீட்டிலும் பிழை உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அப்பிழையின் எல்லையை அறிந்துகொள்ளவே செய்கின்றனர். நிலக்கரிக்குக் காட்டப்படும் இந்த எச்சரிக்கை அதே ஊரின் பிள்ளைகள் எழுதும் விடைத்தாளுக்குக் காட்டப்படுவதில்லை. அங்கே ஒருவர் ஒருமுறை படித்து இட்ட எண் இறுதியானதாகக் கொள்ளப்படுகிறது.

அந்த எண் இறுதியானதன்று என்பது புதிய செய்தியும் அன்று. பொருளியல், புள்ளியியல் ஆகிய இரு துறைகளிலும் பெயர்பெற்ற எட்ஜ்வொர்த், 1888ஆம் ஆண்டில் தேர்வுகளின் புள்ளியியல் குறித்து எழுதிய கட்டுரையில், ஒரு விடைத்தாளுக்கு இடப்படும் மதிப்பெண்ணை வானியலாளர் ஒரு விண்மீனின் இருப்பிடத்தை அளப்பது போன்ற அளவீடாகவே கருதி, அதில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட முயன்றார். 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்துப் பல உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்ப, திருத்தித் திருப்பியனுப்பிய 142 ஆசிரியர்கள் இட்ட மதிப்பெண் 64 முதல் 98 வரை பரந்திருந்தது. மற்றொரு விடைத்தாளுக்கு அது 50 முதல் 98 வரை சென்றது. மொழிப்பாடம் என்பதால் இப்படி என்று சிலர் சொல்ல, ஸ்டார்ச்சும் எலியட்டும் அடுத்த ஆண்டில் வடிவியல் விடைத்தாளை அனுப்பினர். அதில் மதிப்பெண் முப்பதுக்குக் கீழே தொடங்கித் தொண்ணூறைத் தாண்டியது. ஐயத்துக்கு இடமில்லாத பாடம் என்று மக்கள் நம்பும் கணிதத்திலேயே இவ்வளவு விரிவு தோன்றியதன் காரணம், இறுதி விடை தவறி வழிமுறை சரியாக இருக்கும்போது என்ன செய்வது என்பதில் ஆசிரியர்கள் ஒத்த கருத்து உடையவர்களாக இல்லை என்பதே.

இவை அனைத்தினும் ஆழமான ஆய்வு ஹார்டாக், ரோட்ஸ் இருவரும் 1935ஆம் ஆண்டில் வெளியிட்டது. பிலிப் ஹார்டாக் இந்தியக் கல்வி வரலாற்றில் மறக்கத்தகாத பெயர்: 1917ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையத்தில் உறுப்பினர், டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், 1929ஆம் ஆண்டு இந்தியக் கல்வியை ஆராய்ந்து அறிக்கை அளித்த குழுவின் தலைவர். ஆயிரக்கணக்கான மாணவரின் வாழ்வு ஒரு தேர்வில் அறுதியிடப்படுவதை இந்த மண்ணில் நேரில் கண்ட ஒருவர் பிற்காலத்தில் தேர்வையே தேர்வுக்கு உட்படுத்த முனைந்தது பொருத்தமானது. அவ்வாய்வில், தேர்வு அமைப்பொன்று ஒரே அளவான மதிப்பெண் அளித்திருந்த 15 வரலாற்று விடைத்தாள்கள் எடுத்துக்கொள்ளப்பட்டு, 14 தேர்வாளர்களிடம் தரப்பட்டன. 210 தீர்ப்புகள் கிடைத்தன. ஓராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், முன்பு இட்ட மதிப்பெண்ணைக் காட்டாமல், அதே விடைத்தாள்கள் அதே தேர்வாளர்களிடம் மீண்டும் தரப்பட்டபோது, 210இல் 92 இடங்களில் தேர்ச்சி, தோல்வி, சிறப்புத் தேர்ச்சி என்னும் தீர்ப்பே மாறிவிட்டது. இருவேறு மனிதர் வேறுபடுவதை இயல்பு என்று ஒதுக்கிவிடலாம். ஒரே மனிதர் தம்மோடு தாமே வேறுபட்டதை அவ்வாறு ஒதுக்க இயலாது. திருத்துபவர் நல்லவராக இருந்தால் போதும் என்னும் நம்பிக்கையை இந்த ஒரு முடிவே அசைத்துவிடுகிறது. அந்தப் பதினால்வரும் நேர்மையானவர்கள், அனுபவம் உள்ளவர்கள். அண்மைக் காலத்தில், இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்காணையம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, மூத்த தேர்வாளர் ஒருவர் அளித்திருக்கக்கூடிய அதே தரநிலை மாணவருக்கு உண்மையில் கிடைப்பதற்கான வாய்ப்பு கணிதத்தில் 96 விழுக்காடாக இருக்க, ஆங்கில மொழி-இலக்கியத்தில் 52 விழுக்காடாக மட்டுமே இருந்தது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு வினாவைக் கொண்டே காணலாம். மேல்நிலை இயற்பியலில் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றில், மாணவர் முதல் வரியில் ஒரு கழித்தல் குறியைக் கூட்டலாக எழுதிவிடுகிறார். அதற்குப் பின் வந்த சூத்திரம், பிரதியிடல், அலகு அனைத்தும் அந்தத் தவறான தொடக்கத்துக்கு முற்றிலும் பொருந்துகின்றன. ஒரே பிழைக்கு ஒருமுறைதான் தண்டனை என்று கருதும் திருத்துநர் நான்கு தருவார். இறுதி விடைக்கும் அலகுக்கும் உரிய பங்கைக் கழிப்பவர் மூன்றோ இரண்டோ தருவார். குறியின் பொருளை உணராதவருக்கு அந்தப் பாடமே தெரியாது என்று கருதுபவர் ஒன்றோடு நிறுத்துவார். மூவரிடமும் காரணம் உண்டு; மூவரும் எந்த மாணவருக்கும் வேண்டுமென்று தீங்கு செய்யவில்லை. அநீதி தோன்றுவது, இம்மூவரிடமும் ஒரே வகையான பிழை செய்த மூன்று மாணவரின் தாள்கள் தனித்தனியே சென்றுசேரும்போதுதான். விடைக்குறிப்பு, அதாவது எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே தரப்படும் பட்டியல், சரியான விடையின் படிகளை மட்டுமே பிரித்துக் காட்டுகிறது. தவறான விடைகள் எப்படியெல்லாம் தவறும் என்பதை அது அறியாது. அதை அறிந்தவர் முதல் நாளிலேயே இருபது தாள்களைப் படித்துவிட்ட உதவித் தேர்வாளர். ஆனால் விடைக்குறிப்பு எழுதப்படும் வேளையில் அவர் அந்த அறையில் இல்லை.

கட்டின் வரிசையும் தன் வேலையைச் செய்கிறது. மிகச் சிறந்த தாளை அடுத்து வரும் நடுத்தரத் தாள் அதன் உண்மைத் தகுதியினும் தாழ்ந்ததாகத் தோன்றுவதும், முதல் பக்கத்தின் அழகிய கையெழுத்து ஐந்தாம் பக்கத்தின் குழப்பத்தை மறைத்துவிடுவதும் திருத்திய எவரும் அறிந்தவை. பின்னதற்கு உளவியலில் ஒளிவட்ட விளைவு என்று பெயர். ஒரு பண்பைப் பற்றிய நல்லெண்ணம் தொடர்பற்ற மற்றப் பண்புகளின் மதிப்பீட்டிலும் பரவுவதை 1920ஆம் ஆண்டில் தார்ன்டைக் எடுத்துக்காட்டினார். மையங்களில் முற்பகலில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு என்று நாளொன்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட தாள்களை முடிக்கவேண்டிய நிலையில், ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்குப் படிக்கப்படும் கடைசித் தாளுக்கு, காலை பத்து மணியின் முதல் தாளுக்குக் கிடைத்த பொறுமை கிடைக்கும் என்று எவரும் உறுதி சொல்ல இயலாது.

சாதி இதில் நுழைகிறதா என்னும் வினாவைத் தவிர்ப்பது தகாது. ரீமா ஹன்னா, லீ லிண்டன் ஆகிய பொருளியலாளர்கள் இந்தியாவில் நடத்தி 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், விடைத்தாளின் முகப்பில் குறிக்கும் வயது, பாலினம், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றிமாற்றி இட்டு, ஆசிரியர்களிடம் திருத்தத் தந்தனர். விடையின் தரத்துக்கும் முகப்பில் இருந்த சாதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபடி அமைந்த அச்சோதனையில், தாழ்ந்த சாதி எனக் குறிக்கப்பட்ட தாள்கள் திட்ட விலக்கத்தின் 0.03 முதல் 0.08 பங்கு வரை குறைந்த மதிப்பெண் பெற்றன. திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு. அதில் இப்பங்கு சிறிதே. எனினும் இரு செய்திகள் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. இந்த வேறுபாட்டைப் பெரிதும் காட்டியவர்கள் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட பிரிவுகளைச் சேர்ந்த ஆசிரியர்களே; அதுவும் கட்டின் தொடக்கத்தில், எது நல்ல விடை என்பது மனத்தில் இன்னும் உறைக்காத நிலையில், மிகுதியாக வெளிப்பட்டது. தெளிந்த அளவுகோல் கையில் இல்லாதபோது, கிடைத்த ஏதோவொரு குறிப்பைக் கொண்டு மனம் இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது என்றே இதைப் பொருள்கொள்ளத் தோன்றுகிறது. பொதுத்தேர்வில் டம்மி எண் இந்தத் தீங்கைப் பெருமளவு தடுத்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தேர்வு நிருவாகம் பெருமைப்படத்தக்க ஏற்பாடு அது. கல்லூரிகளின் அகமதிப்பீட்டிலோ, அதாவது பருவம் முழுவதும் கல்லூரிக்குள்ளேயே இடப்படும் மதிப்பெண்ணிலோ, பெயரும் முகமும் தெரிந்தே திருத்தம் நடக்கிறது. ஆய்வு மாணவர் ஒருவர், அதே விடுதியில் உண்டு உறங்கும் இளையவரின் தாளைத் திருத்துவது இவ்வகையைச் சேர்ந்தது.

ஒரு மதிப்பெண் இவ்வளவு பேச்சுக்கு உரியதா என்று கேட்பவர்கள், தமிழ்நாட்டில் அந்த ஒன்றின் எடையைக் கருத வேண்டும். தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டபின், பொறியியல் சேர்க்கை முழுவதும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சார்ந்தது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கூட்டி 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் அதை முடிவுசெய்கிறது. இயற்பியலில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் அரை குறையும். அந்த அரையில் தரவரிசையில் பலர் முந்திவிடுவர். நுழைவுத்தேர்வை நீக்கியது கிராமத்துப் பிள்ளைகளின் நலன் கருதிய முடிவு, இவ்வுரை அதை முழுமனத்தோடு ஏற்கிறது. ஆனால் அம்முடிவு, ஒரு தேர்வின் முழுச் சுமையையும் உதவித் தேர்வாளரின் சிவப்பு மையின்மீது ஏற்றிவைத்தது. அந்தச் சுமைக்கு ஏற்ற வலுவை அவருக்கு அளிக்கவில்லை. சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்துவிட்ட ஊர்களின் பிள்ளைகளுக்கு, அடுத்த தலைமுறைக்கென்று எஞ்சியுள்ள உடைமை பெரும்பாலும் இந்த மதிப்பெண் பட்டியலே என்பதால், நெய்வேலியைச் சுற்றி இது வெறும் நிருவாகச் செய்தியாக நின்றுவிடுவதில்லை.

நீதிமன்றங்கள் இப்பொருளில் நடந்த பாதை நேரானதன்று. 1984ஆம் ஆண்டில் மகாராஷ்டிரக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில், விடைத்தாளைப் பார்வையிடவும் மறுமதிப்பீடு கோரவும் இடமளிக்காத விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011ஆம் ஆண்டில் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் அதே நீதிமன்றம், திருத்தப்பட்ட தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்றது. இவ்விரண்டினும் இவ்வுரைக்கு நெருக்கமானது 2007ஆம் ஆண்டு சஞ்சய் சிங் வழக்குத் தீர்ப்பு. உத்தரப் பிரதேச நீதிப்பணித் தேர்வு பற்றிய அவ்வழக்கில், தேர்வாளருள் கண்டிப்பானவரும் தாராளமானவரும் இருப்பது இயல்பு என்பதை நீதிமன்றம் வெளிப்படையாக ஏற்று, அதற்கு மருந்தான நெறிப்படுத்தலை விரித்துரைத்தது. திருத்தத் தொடங்குமுன் தலைமைத் தேர்வாளர் மற்றவரோடு கூடி மாதிரித் தாள்கள் சிலவற்றைத் திருத்தி ஒத்த கருத்துக்கு வருவது, பின்னர் ஒவ்வொருவரின் கட்டிலிருந்தும் சில தாள்களை எடுத்துப் பார்ப்பது, ஒருவர் சீராகக் கண்டிப்பு மிக்கவராக இருந்தால் அவர் திருத்திய அனைத்தையும் உரிய அளவு உயர்த்துவது, சீரின்றி ஏறியிறங்கித் திருத்துபவராக இருந்தால் அக்கட்டை வேறொருவரிடம் தருவது ஆகியன அதன் கூறுகள். கண்டிப்பைக் காட்டிலும் சீரின்மையே பெரிய தீங்கு என்பது இதில் அடங்கியுள்ள நுட்பம். கண்டிப்பைக் கூட்டிக் கழித்துச் சரிசெய்யலாம், சீரின்மைக்கு மறுதிருத்தமே வழி.

இந்நெறி தாளில் உள்ள அளவுக்கு மையத்தில் இல்லை என்பதைக் காட்டும் நிகழ்ச்சிகள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்-மே பருவத் தேர்வுக்குப் பின் மறுமதிப்பீட்டுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவை தேர்ச்சியாக மாறின. மறுமதிப்பீட்டில் பணம் கைமாறியது என்னும் குற்றச்சாட்டின்பேரில் ஊழல் தடுப்புப் பிரிவு 2018 ஆகஸ்ட் மாதம் வழக்குப் பதிந்தது. யார் குற்றவாளி என்பதை முடிவுசெய்வது நீதிமன்றத்தின் வேலை. ஊழல் பற்றிய பேச்சு எழுந்த வேகத்தில் மற்றொரு வினா கேட்கப்படாமலே போயிற்று: அவ்விண்ணப்பங்களுள் நேர்மையாகவே மாறியவை எத்தனையோ, அத்தனை தாள்களின் முதல் திருத்தம் தவறானது அல்லவா? முதல் திருத்தம் நம்பத்தக்கதாக இருக்கும் இடத்தில் மறுமதிப்பீடு இவ்வளவு பெரிய சந்தையாக வளர இயலாது. 2019ஆம் ஆண்டு தெலங்கானா இடைநிலைத் தேர்வில், தெலுங்குப் பாடத்தில் 99 பெற்ற மாணவி ஒருவருக்குச் சுழியம் என்று முடிவு வெளியானது. தோல்வியுற்ற அனைவரின் தாள்களையும் கட்டணமின்றிச் சரிபார்க்க அரசு ஆணையிடும் நிலை வந்தது, அதற்குள் பல மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தனர். அந்தப் பிழை தீர்ப்பில் நேர்ந்ததன்று, எண்ணைப் பதிந்ததில் நேர்ந்தது. இருமுறை பார்க்கும் பழக்கம் ஓர் இடத்தில் இல்லாதபோது மற்ற இடங்களிலும் இல்லாமற் போவதற்கு அது சான்று.

செய்யத்தக்கவற்றுள் முதலாவது, ஒருவர் ஒரு தாளை முழுவதும் திருத்துவதை விட்டு, ஒருவர் ஒரு வினாவைக் கட்டு முழுவதும் திருத்துவது. தொழில்நுட்பக் கழகங்களில் ஆசிரியர்கள் உதவியாளர்களிடையே வேலையைப் பெரும்பாலும் இவ்வாறே பிரித்துத் தருகின்றனர். ஒரே வினாவுக்கான நூறு விடைகளை அடுத்தடுத்துப் படிப்பவர் அவ்வினாவில் மாணவர் எப்படியெல்லாம் வழுவுகின்றனர் என்பதை அறிந்தவராகி, கழித்தல் குறிப் பிழைக்கு எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு அளிக்க இயலும்; அவர் சற்றுக் கண்டிப்பானவராக இருந்தாலும் அக்கண்டிப்பு எல்லா மாணவர்மேலும் சமமாக விழும். பொதுத்தேர்வு மையங்களில் தாள்கள் கைமாறுவதும் கணக்கு வைப்பதும் கடினம் என்பது இதற்கு எதிராகச் சொல்லப்படும் தடை. தாளை வருடிக் கணினித் திரையில் திருத்தும் முறை அத்தடையை நீக்கக்கூடியது. ஆனால் முன்னேற்பாடின்றி அதில் இறங்கிய மும்பைப் பல்கலைக்கழகத்தில் 2017ஆம் ஆண்டு முடிவுகள் மாதக்கணக்கில் தாமதமானதை மறக்கலாகாது.

இரண்டாவது, விடைக்குறிப்பை முதல் நாளுக்குப் பின்னும் திருத்தத்தக்க ஆவணமாக வைத்திருப்பது. முதல் சில தாள்களைப் படித்தபின் உதவித் தேர்வாளர்கள் கண்ட புதிய வகை விடைகளையும், பாடநூலின் சொற்களில் இல்லாது பொருளில் சரியாக உள்ள விடைகளையும் எழுதித் தர, முதன்மைத் தேர்வாளர் அவற்றுக்கான முடிவை எழுத்தில் பதிந்து, எல்லா மையங்களுக்கும் அனுப்பி, அதற்குமுன் திருத்திய தாள்களையும் அம்முடிவின்படி மறுபடி பார்க்கச் செய்தல் வேண்டும். பாடநூலின் வரிகளை ஒப்பித்தவருக்கு முழு மதிப்பெண்ணும், தம் சொற்களில் விளக்கியவருக்கு அரைகுறையும் கிடைப்பது தமிழ்நாட்டு வகுப்பறைகளின் நெடுநாள் நோய். அதன் வேர் திருத்துபவரின் சோம்பலில் இல்லை, பாடநூலை விட்டு விலகிய விடைக்கு மதிப்பெண் அளித்தால் அதற்கு விளக்கம் கேட்கப்படுமோ என்னும் அச்சத்தில் உள்ளது. எழுத்தில் பதிந்த முடிவு அவ்வச்சத்தைப் போக்கும்.

மூன்றாவது செலவு மிக்கது. எல்லாத் தாளையும் இருவர் படிப்பது இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் இயலாது என்றால், தேர்ச்சி எல்லையை ஒட்டிய தாள்களையும், ஒவ்வொரு கட்டிலும் குலுக்கலில் எடுத்த சில தாள்களையும், முதலில் இட்ட எண் தெரியாத இரண்டாமவர் படிக்கச் செய்யலாம். இருவருக்குமிடையே எவ்வளவு வேறுபாடு பொறுக்கத்தக்கது என்பதை ஆய்வுக்கூடம் செய்வதுபோல முன்னதாகவே அறிவித்துவிடலாம். இப்போது அந்த இரண்டாம் வாசிப்பு மாணவரின் செலவில், மாணவர் கேட்டால் மட்டும், முடிவு வெளியானபின் நடக்கிறது. விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் பாடந்தோறும் கட்டணம் கட்ட இயன்ற வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வாசிப்பு, இயலாத வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்னும் ஏற்பாடு, டம்மி எண்ணால் முகப்பில் மறைத்த வேற்றுமையைப் பின்வாசல் வழியே உள்ளே விடுகிறது.

ஆய்வு மாணவர்களாகிய உதவியாளர்களின் நிலை இவற்றுக்கு அப்பாலும் ஒரு காப்பை வேண்டுகிறது. தொழில்நுட்பக் கழகங்களில் திருத்திய தாளை மாணவருக்குக் காட்டும் நல்ல வழக்கம் உண்டு. காட்டும் நாளில் எதிரே வந்து நின்று வாதிடுபவரும், கூச்சத்தால் வராமலே இருப்பவரும் உளர். முதல்வகையினருக்கு மட்டும் மதிப்பெண் ஏறினால், திருத்தம் முடிந்தபின் ஓர் அநீதி புதிதாகத் தொடங்கியதாகும். உதவியாளர் தாமும் மாணவரே. தம் ஆய்வேட்டின் விதி அதே ஆசிரியரின் கையில் இருக்க, அவர் வகுத்த விடைக்குறிப்பு தவறு என்று சொல்லத் துணிவது எளிதன்று. அறைத் தோழரின் தம்பி கேட்கும் இரண்டு மதிப்பெண்ணை மறுப்பதும் எளிதன்று. ஆகவே மேல்முறையீடு நேரில் கெஞ்சுவதாக இல்லாமல் எழுத்தில் அமைய வேண்டும், அதை முதலில் திருத்தாத வேறொருவர் பார்க்க வேண்டும், ஒருவரின் முறையீட்டில் விடைக்குறிப்பே பிழை என்று தெரியவந்தால் கேளாதவர் தாள்களிலும் அது சரிசெய்யப்பட வேண்டும். இந்த வேலைக்கு ஆகும் நேரத்தை வாரத்தின் எட்டு மணியில் எண்ணிக் கொடுப்பது துறையின் கடமை. பொதுத்தேர்வு மையத்தில் அதற்கு இணையானது, நாளொன்றுக்கு உரிய தாள்களின் எண்ணிக்கையைக் குறைத்து, மாதிரித் திருத்தக் கூட்டத்துக்கு ஒரு முழு நாளை ஊதியத்தோடு ஒதுக்குவது. முடிவு வெளியாகும் நாள் அதனால் சில நாள்கள் தள்ளிப்போகும்.